இரவுக்கும் ஒளி ஈட்டும் கதிரவக் கோபுரங்கள்

ஞாயிறு மறையும் வேளையில்தான் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. பகலெல்லாம் வெயிலை வாரி வழங்கிய கதிரவன், மின்சாரம் மிகுதியாக வேண்டப்படும் மாலைப்பொழுதில் நம்மை விட்டு நீங்கிவிடுகிறான். கதிரவனிடமிருந்து மின்சாரம் பெற முனைவோர் அனைவரையும் எதிர்கொண்டு நிற்கும் அடிப்படைச் சிக்கல் இதுவே. நிலக்கரியைக் குவித்து வைக்கலாம். அணையில் நீரைத் தேக்கி வைக்கலாம். எண்ணெயைக் கலத்தில் அடைத்து வைக்கலாம். வெயிலை எதில் சேர்த்து வைப்பது?

கதிரவ ஆற்றலை மின்னாற்றலாக மாற்றுவதற்கு இரு வழிகள் உள. ஒன்று, கூரைகளிலும் வெட்டவெளிகளிலும் நாம் இன்று பரவலாகக் காணும் ஒளிமின் பலகை. ஒளி அதன்மீது பட்ட அளவிலேயே மின்னோட்டம் பிறக்கின்றது; ஒளி நீங்கியதும் மின்னோட்டமும் நின்றுவிடுகின்றது. மற்றொன்று, வெயிலை ஆடிகளால் ஓரிடத்தில் குவித்து, அங்கு எழும் வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, அந்நீராவியால் சுழலியைச் சுழற்றி மின்னாக்கியை இயக்குவது. இவ்விரண்டாம் வழியின் ஒரு சிறந்த வடிவமே கோபுர முறை. ஒளிமின் பலகைகளின் விலை பெரிதும் வீழ்ந்துவிட்ட இந்நாளில் ஆடிகளும் கோபுரமும் இனியும் வேண்டப்படுவனவா என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை மனத்திற்கொண்டு இம்முறையின் வரலாறு, இயக்கம், வெற்றி, இடர் ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எரிக்கும் ஆடிகள்

ஆடியால் வெயிலைக் குவித்துத் தீ மூட்டலாம் என்பது மிகப் பழைய அறிவு. கிரேக்க அறிஞர் டயோக்ளிஸ் எரிக்கும் ஆடிகளைப் பற்றி எழுதிய நூலின் கிரேக்க மூலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்நூல் இன்று நம் கைக்கு எட்டுவது அரபு மொழிபெயர்ப்பின் வாயிலாகவே. ஆயா சோஃபியாவை எழுப்பிய கட்டடக் கலைஞருள் ஒருவரான ஆந்திமியஸ், 6-ஆம் நூற்றாண்டில், பல தட்டை ஆடிகளைச் சேர்த்து அமைத்து, அவற்றின் ஒளி முழுவதையும் ஒரே இடத்திற்குத் திருப்பலாம் என்று எழுதினார். 9-ஆம் நூற்றாண்டில் அல்கிந்தி அவருடைய கருத்தை எடுத்து ஆராய்ந்து, அதிலுள்ள குறைகளைச் சுட்டினார். 10-ஆம் நூற்றாண்டில் இப்னு சஹ்ல், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றிய தம் ஆய்வில், ஒளிவிலகல் விதியை வடிவக் கணித முறையில் கையாண்டுள்ளார்.

இம்மரபில் தோன்றிய பேரறிஞர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த ஹசன் இப்னு அல்ஹைதம் (ஏறத்தாழ 965 - 1040). பரவளைய ஆடிக்கு ஒன்றும் கோள ஆடிக்கு ஒன்றுமாக இரு தனி நூல்களை அவர் இயற்றினார். பரவளைய ஆடியின் அச்சுக்கு இணையாக வரும் கதிர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் கூடும் என்பதையும், கோள ஆடியில் அவ்வாறு ஒரே புள்ளியில் கூடுவதில்லை என்பதையும் அவர் வடிவக் கணிதத்தால் நிறுவினார். எரியும் என்று கூறுவதோடு அமையாமல், எங்கே எரியும், ஏன் எரியும் என்பனவற்றைக் கணக்கிட்டுக் காட்டியதே அவருடைய சிறப்பாகும்.

பல தட்டை ஆடிகள் என்னும் கருத்தை 1747-இல் பாரிஸ் நகரில் பூஃபோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் செயலில் காட்டினார். 168 ஆடிகளைக் கொண்ட சட்டம் ஒன்றை அமைத்துத் தொலைவிலிருந்த மரத்தில் தீப்பற்றச் செய்தார். நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. பம்பாயில் பணியாற்றிய வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, வரிசையாக அடுக்கிய தட்டை ஆடிகளின் ஒளியை நிலையாக நின்ற கொதிகலன்மீது செலுத்தி, நீராவிப் பொறி ஒன்றை இயக்கினார். வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்றாகக் கதிரவ வெப்பத்தைக் கொள்ளலாம் என்று வலியுறுத்தும் நூலையும் 1878-இல் வெளியிட்டார். கொதிகலன் அசையாமல் நிற்க, ஆடிகள் மட்டும் கதிரவனைத் தொடர்ந்து திரும்புதல் என்னும் அவருடைய கருத்தே இன்றைய கோபுரங்களின் முன்னோடி எனலாம்.

1913-இல் எகிப்து நாட்டின் மாதி என்னும் ஊரில், ஃபிராங்க் ஷூமன் என்னும் அமெரிக்கர் நீண்ட வாய்க்கால் வடிவ ஆடிகளால் நீராவி உண்டாக்கி, நைல் ஆற்று நீரை இறைக்கச் செய்தார். அடுத்த ஆண்டே மூண்ட முதல் உலகப் போரும், பின்னர்ப் பெருகிய மலிவான எண்ணெயும் அம்முயற்சியை மறக்கச் செய்தன. 1960-களில் இத்தாலிய அறிஞர் ஜியோவன்னி ஃபிரான்சியா, தரையில் பரப்பிய ஆடிகளும் உயரத்தில் நிறுத்திய கொதிகலனும் கொண்ட அமைப்பை உருவாக்கியபோது, கோபுர முறை இன்றைய வடிவத்தை அடைந்தது.

கோபுரம் இயங்கும் முறை

கோபுர நிலையத்தைச் சென்று காண்போர் கண்ணில் முதலில் படுவது ஆடிக்கூட்டமே. கோபுரத்தைச் சூழ்ந்து வட்டம் வட்டமாக ஆயிரக்கணக்கான ஆடிகள் தூண்களின் மீது நிற்கும். 'ஹீலியோஸ்டாட்' என்று வழங்கும் இவ்வாடியைத் தமிழில் 'கதிர்திருப்பி' என்று நாம் அழைக்கலாம். ஒவ்வொரு கதிர்திருப்பியையும் இரு மின்பொறிகள் இயக்குகின்றன. ஒன்று பக்கவாட்டில் திருப்பும்; மற்றொன்று மேலும் கீழும் சாய்க்கும்.

ஆடி கதிரவனை நேராக நோக்கினால் ஒளி கதிரவனுக்கே திரும்பிச் செல்லும். கோபுரத்தை நேராக நோக்கினாலும் பயனில்லை. கதிரவன் இருக்கும் திசைக்கும் கோபுர உச்சி இருக்கும் திசைக்கும் நடுவே அது நோக்கியிருத்தல் வேண்டும். படுகோணமும் எதிரொளிக் கோணமும் சமம் என்னும் விதியின் பயன் இது. கதிரவன் மணிக்கு 15 பாகை நகர்வதால், ஆடியும் ஓயாது தன் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கின்றது. எந்த நாளில், எந்த நொடியில், கதிரவன் வானில் எங்கிருக்கும் என்பதைக் கணிப்பொறி கணக்கிட்டு ஒவ்வோர் ஆடிக்கும் தனித்தனியே ஆணையிடுகின்றது. லுஹர், அஸர் தொழுகை நேரங்களைக் கணிக்கும் நேர அட்டவணைக்கு அடிப்படையாக அமையும் வானியல் கணக்கும் இதுவேயாம்.

இக்கணக்கில் சிறு பிழையும் பொறுக்கத்தக்கதன்று. ஓர் ஆடி பாகையில் பத்தில் ஒரு பங்கு பிறழ்ந்தால், அதன் ஒளி பத்தில் இரு பங்கு பிறழும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது மூன்றரை மீட்டர் விலகலாகிவிடும். மேலும் கதிரவன் நம் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தோன்றுவதில்லை. ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டமாகத் தோன்றுகின்றது. ஆகையால் எத்துணைத் திருத்தமான ஆடியாயினும், ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழும் ஒளிவட்டம் ஏறத்தாழ 9 மீட்டர் அகலம் இருந்தே தீரும். கோபுர உச்சியில் உள்ள 'ஏற்பி' பல மீட்டர் அகலமும் உயரமும் கொண்டதாக அமைக்கப்படுவதன் காரணம் இதுதான்.

ஏற்பி என்பது நெருக்கமாக அடுக்கப்பட்ட உலோகக் குழாய்களின் தொகுதி. அக்குழாய்களுக்குள் பாய்வது பல நிலையங்களில் நீர் அன்று; உருகிய உப்பு.

உப்பின் பணி

இவ்வுப்பு நாம் உணவில் சேர்க்கும் உப்பு அன்று. நூற்றுக்கு 60 பங்கு சோடியம் நைட்ரேட்டும், 40 பங்கு வெடியுப்பு என நம்மவர் வழங்கும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்தது. இரு பெருங்கலங்களில் இது வைக்கப்படுகின்றது. 'குளிர்ந்த' கலத்தில் 290 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும் உப்பு, கோபுர உச்சிக்கு ஏற்றப்பட்டு, ஆடிகளின் ஒளியால் 565 பாகைக்குச் சூடேறி, 'சூடான' கலத்திற்கு இறங்குகின்றது. மின்சாரம் வேண்டும்போது அக்கலத்திலிருந்து உப்பை எடுத்து, அதன் வெப்பத்தால் நீரை ஆவியாக்கிச் சுழலியை இயக்குவர். வெப்பத்தை இழந்த உப்பு மீண்டும் முதற்கலத்தை அடைகின்றது.

வெயிலைச் சேர்த்து வைக்கும் பாண்டம் இதுவே. ஒரு கிலோ உப்பு, மேற்கூறிய இரு வெப்பநிலைகளுக்கு இடையே ஏறத்தாழ 400 கிலோஜூல் வெப்பத்தைத் தாங்குகின்றது. ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூலுக்குச் சமம். நீராவிச் சுழலி வெப்பத்தில் ஐந்தில் இரு பங்கையே மின்சாரமாக மாற்றும் என்று கொண்டால், ஒரு யூனிட் மின்சாரத்திற்கு 22 கிலோ அளவில் உப்பு வேண்டும். இவ்வுப்பு தேய்வதுமில்லை, தீர்வதுமில்லை. நாள்தோறும் சூடேறிக் குளிர்ந்து மீண்டும் மீண்டும் பயன்படுகின்றது.

ஆயினும் அதற்குரிய இடரும் உண்டு. ஏறத்தாழ 240 பாகைக்குக் கீழே வெப்பநிலை இறங்கினால் இவ்வுப்பு உறையத் தொடங்கும். குழாய்க்குள் உறைந்துவிட்டால் நிலையமே முடங்கிப்போகும். 600 பாகையை நெருங்கினாலோ சிதையத் தொடங்கும். மேலெல்லையும் கீழெல்லையும் கடவாது காத்தல் இங்குப் பணிபுரிவோரின் முதற்கடமையாகும்.

கண்ட வெற்றியும் கொண்ட பாடமும்

அமெரிக்காவின் மொகாவே பாலைவனத்தில் 1982-இல் இயங்கத் தொடங்கிய 'சோலார் ஒன்' என்னும் 10 மெகாவாட் நிலையம், 1,818 கதிர்திருப்பிகளைக் கொண்டு, நீரை நேரடியாக ஆவியாக்கியது. மேகம் மறைத்தபோதெல்லாம் அதன் இயக்கம் தடுமாறியது. அதனையே திருத்தியமைத்து, 1996 முதல் 1999 வரை 'சோலார் டூ' என்னும் பெயரில் இயக்கியபோது, உருகிய உப்பு முறை பயன்தரும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

வணிக முறையில் மின்சாரம் விற்ற முதற்கோபுரம், ஸ்பெயின் நாட்டின் செவில் நகருக்கு அருகில் 2007-இல் திறக்கப்பட்ட 11 மெகாவாட் அளவுள்ள 'பி.எஸ்.10' ஆகும். அந்நாட்டிலேயே 2011-இல் இயங்கத் தொடங்கிய 'ஹெமாசோலார்' நிலையத்தில் 2,650 கதிர்திருப்பிகளும், வெயிலின்றியே 15 மணி நேரம் சுழலியை இயக்கவல்ல உப்புக் கலங்களும் உள்ளன. அபுதாபியின் மஸ்தர் நிறுவனமும் பங்கேற்று எழுப்பிய நிலையம் இது. இரவிலும் நில்லாமல், 24 மணி நேரமும் கதிரவ மின்சாரம் தரமுடியும் என்பதை உலகிற்கு முதன்முதலில் காட்டிய பெருமை இதற்கு உண்டு.

தோல்விகளையும் மறைத்தல் ஆகாது. கலிபோர்னியாவில் 2014-இல் திறக்கப்பட்ட இவான்பா நிலையம் 1,73,500 கதிர்திருப்பிகளையும் மூன்று கோபுரங்களையும் கொண்டது. அளவால் பெரிதாயினும் அதில் சேமிப்புக் கலம் இல்லை. காலையில் சூடேற்றுவதற்கு எரிவாயுவை அது நாடவேண்டியிருந்தது. குவிந்த ஒளியில் பறந்த பறவைகள் கருகி வீழ்ந்தமையும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அதனிடம் மின்சாரம் வாங்கிவந்த நிறுவனம், ஒப்பந்தத்தை முன்னதாகவே முடித்துக்கொள்ள விரும்புவதாக 2025 சனவரியில் அறிவித்தது. நெவாடாவில் 2015-இல் இயங்கத் தொடங்கிய 110 மெகாவாட் அளவுள்ள கிரசென்ட் டியூன்ஸ் நிலையத்தில் சேமிப்பு இருந்தது; ஆனால் 2016-இல் உப்புக் கலம் கசிந்து பல மாதங்கள் அது முடங்கியது. 2020-இல் அதன் நிறுவனம் நொடிப்பு அறிவிக்க நேர்ந்தது. முன்னதில் சேமிப்பு இல்லாமையும், பின்னதில் சேமிப்பைக் காக்க இயலாமையும் குறைகளாயின.

'நூர்' என்னும் நிலையம்

திருக்குர்ஆனின் 10-ஆம் அத்தியாயம் 5-ஆம் வசனத்தில் கதிரவனுக்கு 'ளியாஉ' என்னும் சொல்லும், நிலவுக்கு 'நூர்' என்னும் சொல்லும் ஆளப்பட்டிருப்பதை மார்க்க அறிஞர்கள் எடுத்துரைப்பர். முன்னது தானே ஒளிர்வது என்றும், பின்னது பெற்ற ஒளியைத் தருவது என்றும் விளக்கம் கூறுவாரும் உளர். மொராக்கோ நாட்டின் கதிரவ மின் நிலையம் 'நூர்' என்று பெயர் பெற்றிருப்பது பொருத்தமேயாகும். பகலில் பெற்றதை இரவில் தருவது அதன் பணி.

அட்லஸ் மலைத்தொடருக்குத் தெற்கே, உவார்சாசாத் நகருக்கு அருகில் இந்நிலையம் அமைந்துள்ளது. இதன் முதற்பகுதியை 2016 பிப்ரவரியில் மன்னர் ஆறாம் முகம்மது திறந்துவைத்தார். 160, 200 மெகாவாட் அளவுள்ள முதலிரு பகுதிகள் வாய்க்கால் வடிவ ஆடிகளைக் கொண்டவை. மூன்றாம் பகுதியே கோபுரம். 2018-இல் மின்சாரம் தரத் தொடங்கிய அதன் திறன் 150 மெகாவாட்; உயரம் ஏறத்தாழ 250 மீட்டர். 7,400 கதிர்திருப்பிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. அவற்றுள் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 178 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் முக்கால் கிரவுண்டு மனைக்கும் சற்று மிகுதி. கதிரவன் மறைந்தபின் ஏறத்தாழ 7 மணி நேரம் மின்சாரம் தருவதற்கான உப்புக் கலங்களும் அங்கு உள. வறண்ட நிலமாதலால், சுழலியிலிருந்து வெளிவரும் ஆவியைக் குளிர்விக்க இப்பகுதியில் நீருக்கு மாற்றாகக் காற்றே பயன்படுத்தப்படுகின்றது.

இப்பெருமைக்கு உரிய நிலையத்திற்கும் 2024 பிப்ரவரியில் சோதனை வந்தது. சூடான உப்புக் கலத்தில் கசிவு ஏற்பட்டுக் கோபுரத்தின் மின்னாக்கம் பல மாதங்கள் நின்றது. பல கோடி டாலர் வருவாய் இழப்பு நேர்ந்தது. பல்லாயிரம் டன் எடையுள்ள கொதிக்கும் உப்பைத் தாங்கும் உலோகத் தகடு, வெப்பத்தால் விரிந்தும் சுருங்கியும் அலைவுறும்போது, பற்றவைப்பில் சிறு வெடிப்பு தோன்றினாலும் போதும். 7,400 ஆடிகளும் வேலையின்றி வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

இத்துணை இடருக்குப் பின்னும் இம்முறை கைவிடப்படவில்லை. துபாயில் முகம்மது பின் ராஷித் ஆல் மக்தூம் கதிரவப் பூங்காவின் நான்காம் கட்டம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்குள்ள 100 மெகாவாட் கோபுரம் 260 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. 70,000 கதிர்திருப்பிகள் அதற்கு ஒளி ஊட்டுகின்றன. சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் 2021-இல் திறக்கப்பட்ட 110 மெகாவாட் கோபுரம், 17 மணி நேரத்திற்கும் மேலாகச் சேமிப்பில் இயங்கவல்லது.

பலகையா, ஆடியா?

2017 மே மாதத்தில் ராஜஸ்தானின் பட்லா பூங்காவிற்கான ஏலத்தில், ஒளிமின் பலகை மின்சாரம் யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 44 காசு என்னும் விலைக்கு வந்தது. அதே ஆண்டில் துபாயின் நான்காம் கட்டத்திற்கு உறுதியான விலை 7.3 அமெரிக்கக் காசு. அன்றைய மாற்று மதிப்பில் பட்லா விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. விலையை மட்டும் நோக்கினால் பலகையே வென்றது என்று முடித்துவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. பட்லா தருவது பகல் மின்சாரம். துபாய் வேண்டுவது இரவிலும் கிடைக்கும் மின்சாரம். பகலில் பலகையும், மாலை முதல் மறுநாட்காலை வரை உப்பும் என இரண்டும் பணியைப் பகிர்ந்துகொள்வதே அங்குள்ள திட்டத்தின் கருத்து.

மின்கல அடுக்குகளின் விலையும் அண்மைக் காலத்தில் பெரிதும் சரிந்து வருகின்றது. நான்கு மணி நேரச் சேமிப்பு போதும் என்னும் இடங்களில் அவை கோபுரத்தை வென்றுவிடக்கூடும். இரவு முழுவதும் வேண்டும் என்னும் இடங்களிலேயே உப்புக் கலத்திற்கு இடம் உண்டு. அத்துடன் மற்றொரு வரையறையும் உளது. ஆடி குவிக்கவல்லது நேராக வரும் கதிரை மட்டுமே. மேகத்திலும் ஈரக்காற்றிலும் தூசியிலும் சிதறிய ஒளி பலகைக்குப் பயன்படும், ஆடிக்குப் பயன்படாது. எனவே கடற்காற்றின் ஈரம் மிகுந்த தமிழகக் கடலோரத்தைவிட, ராஜஸ்தான், குஜராத் போன்ற வறண்ட வானமுள்ள நிலங்களே கோபுரத்திற்கு ஏற்றவை. ராஜஸ்தானின் பிகானிர் பகுதியில் 2011-இல் 2.5 மெகாவாட் அளவில் சிறு கோபுர நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. வெயில் மிகுதியாக அடிக்கும் இடமெல்லாம் கோபுரத்திற்கு உகந்தது என்று கருதுதல் பொருந்தாது.

ஆகவே நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இவ்வாறு அமைகின்றது. பகல் மின்சாரத்திற்காகக் கோபுரம் கட்டுவது இனி வீண்செலவு. சேமிப்பில்லாத கோபுரம் பலகையோடு போட்டியிட இயலாது. தெளிந்த வானமும் நீண்ட இரவுத் தேவையும் கூடிய இடத்தில், உப்புக் கலத்தைச் செம்மையாகக் காக்கும் திறனும் உடன் இருக்குமாயின், கோபுரம் இன்றும் பயனுடையதே. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் காட்சிப் பொருளாகிவிடும்.

நாம் செய்யக்கடவது

அல்கிந்தி, இப்னு சஹ்ல், இப்னு அல்ஹைதம் ஆகியோரின் பெயர்களை மேடைகளில் பெருமிதத்துடன் எடுத்துரைக்கும் வழக்கம் நம் சமுதாயத்தில் உண்டு. பெருமிதம் தவறன்று. ஆனால் முன்னோர் கூறினர் என்பதற்காகவே ஒன்றை ஏற்றல் ஆகாது; ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும் என்று வலியுறுத்தியவர் இப்னு அல்ஹைதம். தாலமியின் வானியல் நூல்களில் கண்ட குறைகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதியவர் அவர். அவரைப் போற்றுவோர் அவருடைய பெயரைவிட அவருடைய முறையையே பெரிதும் போற்றுதல் வேண்டும். நூர் நிலையத்தின் உயரத்தைப் பேசும் நாம், அதன் கலம் ஏன் கசிந்தது என்பதையும் பேசுதல் வேண்டும்.

வளைகுடா நாடுகளில் நம்மவர் பல்லாயிரவர் உழைத்து வருகின்றனர். அந்நாடுகள் இன்று எண்ணெயோடு வெயிலையும் செல்வமாகக் கருதத் தொடங்கிவிட்டன. ஆடியைத் துடைக்கும் பணிக்கு மட்டும் நம் இளைஞர் செல்வதா, ஆடியின் கோணத்தைக் கணக்கிடவும், உலோகப் பற்றவைப்பைச் சோதிக்கவும், உப்பின் வேதியியலை ஆராயவும் செல்வதா என்பதைத் தீர்மானிக்கும் இடம் வகுப்பறையே. எப்பணியும் இழிவன்று. எனினும் கல்வி பெற்றும் வாய்ப்பின்றி நிற்றல் நமக்குத் தகுதியன்று. இயற்பியலும் உலோகவியலும் கற்கும் மாணவர்க்குச் சமுதாயப் பெரியோர் உதவித்தொகை வழங்குதலும், இத்துறைச் செய்திகளைத் தமிழில் எழுதும் முயற்சிக்கு ஆசிரியர் வழிகாட்டுதலும் இன்றைய தேவைகளாகும். கதிர்திருப்பி, ஏற்பி, சுழலி போன்ற சொற்கள் வகுப்பில் புழங்கத் தொடங்கினால்தான் அக்கருத்துகளும் நம் மாணவரின் சொந்தக் கருத்துகளாகும்.

வெயில் எல்லார்க்கும் பொதுவாக வழங்கப்பட்ட அருட்கொடை. அதனைப் பகலில் பெற்று இரவுக்குச் சேர்த்து வைக்கும் கலையை முயன்று கற்போமாக. வல்ல இறைவன் அதற்குத் துணைநிற்பானாக.